பருத்திச் சந்தை பனியன் ஊரான வரலாறு

திருப்பூர், நொய்யல் ஆற்றின் இரு கரையிலும் பரந்து கிடக்கும் கொங்கு நாட்டு நகரம். கோயம்புத்தூருக்குக் கிழக்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில், சென்னையிலிருந்து கேரளம் செல்லும் ரயில் பாதையில் இருக்கிறது. இந்தியாவிலிருந்து வெளிநாடு போகும் பின்னலாடைகளில் பாதிக்கும் மேல் இங்கிருந்து போகின்றன. டீ-சர்ட், இரவு உடை, குழந்தைச் சட்டை, உள்ளாடை என எதைத் தைத்தாலும் ஊர்மக்கள் வாயில் அந்தத் தொழிற்சாலையின் பெயர் பனியன் கம்பெனிதான். ஒரு பனியன்கூடத் தைக்காத கம்பெனியும் பனியன் கம்பெனியே. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அரை நூற்றாண்டுக் காலம் வெள்ளைப் பனியன் ஒன்றை மட்டும் செய்து பழகிய ஊர் இது. வெளிநாட்டுச் சந்தை வந்தது அதற்குப் பிறகு.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் வறண்ட நிலம் இந்தப் பகுதி. ஆண்டு மழை 600, 700 மில்லிமீட்டர் அளவில்தான் பெய்யும். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவையையும் திருப்பூரையும் தாண்டிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. மழைக்காலத்தில் பெருகி, கோடையில் மணலாகக் கிடந்த ஆறு அது. ஆனாலும் அதன் கரை பழங்காலத்திலிருந்தே வணிக வழி. மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கரூருக்குப் போன பெருவழி இந்த ஆற்றை ஒட்டித்தான் சென்றது. திருப்பூருக்குக் கிழக்கே சென்னிமலைப் பக்கம் இருக்கும் கொடுமணல், பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று குறிக்கப்படும் ஊர். அங்கே நடந்த அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகள், மணிக்கற்களில் மணி செய்த பட்டறைகள், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் ஆகியவற்றோடு நூல் நூற்கப் பயன்பட்ட தக்கிளி வட்டுகளும் கிடைத்தன. நூலுக்கும் இந்த ஆற்றங்கரைக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது.

நஞ்சை வளம் குறைந்த இந்த மண்ணில் உழவர்கள் கிணற்றை நம்பினார்கள். பாறையை உடைத்து ஆழமாகக் கிணறு வெட்டி, மாடு கட்டிக் கவலை இறைத்துப் பயிர் வளர்த்தார்கள். அவிநாசி, பல்லடம், தாராபுரம் வட்டங்களின் கரிசல் மண்ணில் கருங்கண்ணிப் பருத்தி விளைந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியா பருத்தி வந்து சேர்ந்தது. அதன் இழை நீளமானது, ஆலைகள் நல்ல விலை கொடுத்தன. கிணற்றுப் பாசனம் அந்தப் பயிருக்குத் தோதாக இருந்தது. 1860-களின் தொடக்கத்தில் சென்னையையும் மேற்குக் கடற்கரையையும் இணைத்து ரயில் பாதை போடப்பட்டபோது திருப்பூர் அதில் ஒரு நிலையமாகியிருந்தது. சுற்றுப்பட்டு ஊர்களின் பருத்தி வண்டிகள் ரயிலடியை நோக்கி வந்தன. பருத்தியிலிருந்து கொட்டை நீக்கும் ஜின்னிங் ஆலைகளும், பஞ்சை அழுத்திப் பொதி கட்டும் ஆலைகளும் ஊரில் எழுந்தன. தரகர், கணக்குப்பிள்ளை, எடை போடுபவர், பொதி சுமப்பவர் என்று சந்தையைச் சுற்றி ஒரு கூட்டம் குடியேறியது. 1888-ல் கோவையில் முதல் நூற்பாலை ஏற்பட்ட பிறகு பஞ்சுக்குப் பக்கத்திலேயே வாங்குவோர் கிடைத்தார்கள்.

1920-களில் கதர் இயக்கம் திருப்பூரைத் தன் நடுவிடமாக்கிக்கொண்டது. 1925-ல் தொடங்கிய அகில பாரத சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை இந்த ஊரிலிருந்து இயங்கியது. பஞ்சைக் கிராமங்களுக்கு அனுப்பி, பெண்கள் நூற்ற நூலைத் திரட்டி, நெசவாளரிடம் கொடுத்துத் துணியாக வாங்கி வெளியூருக்கு அனுப்பும் ஏற்பாடு பழக்கமாயிற்று. பல கைகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்து முடித்த சரக்கை ஓரிடத்தில் சேர்க்கும் இந்த முறை, பின்னாளில் பனியன் தொழில் நடந்த விதத்தோடு ஒத்துப்போவதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. தேசிய இயக்கமும் இதே சந்தை மனிதர்களிடையேதான் வேர் பிடித்தது. சென்னிமலையில் 1904-ல் கைத்தறி நெசவுக் குடும்பத்தில் பிறந்த குமரன், திருப்பூரில் ஒரு பருத்தி ஆலையில் கணக்கெழுதும் வேலையில் இருந்தவர். 1932 ஜனவரி 10 அன்று தடையை மீறி நடந்த ஊர்வலத்தில் போலீசாரின் தடியடியில் மண்டை பிளந்து விழுந்தபோதும் கையிலிருந்த கொடியை விடவில்லை, மறுநாள் இறந்துபோனார். கொடி காத்த குமரன் என்று தமிழ்நாடு முழுதும் அறிந்த பெயர், ஊரில் திருப்பூர் குமரன் என்றே நிலைத்திருக்கிறது.

பின்னல் எந்திரம் இந்த ஊருக்கு வந்தது கதர்க் காலத்தை ஒட்டித்தான். நெசவில் பாவும் ஊடும் குறுக்கும் நெடுக்குமாகப் பாயும். பின்னலில் ஒரே நூல் வளைவு வளைவாகக் கோத்துக்கொண்டு போகும். அதனால் பின்னல் துணி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், உடலோடு ஒட்டி வியர்வையை உறிஞ்சும். வெப்ப நாட்டின் உள்ளாடைக்கு இதைவிடப் பொருத்தமான துணி கிடையாது. அப்போது இந்தியாவில் பின்னலாடைக்குப் பெயர்பெற்ற நகரம் கல்கத்தா. அங்கே தொழிலைப் பார்த்துப் பழகி, வெளிநாட்டு எந்திரம் தருவித்து, 1930-கள் வாக்கில் திருப்பூரில் சிலர் பனியன் பின்னத் தொடங்கினார்கள். இவர்களில் முன்னோடியாக ஊர் நினைவில் வைத்திருப்பவர் குலாம் காதர். முதலில் கையால் சுற்றும் எந்திரங்களே இருந்தன. பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் 1930-களின் தொடக்கத்தில் கோவை மண்டலத்துக்கு வந்தது. அந்த மின்சாரம் கோவையில் நூற்பாலைகளைப் பெருக்கியது. ஆலை நூல் பக்கத்திலேயே மலிவாகக் கிடைத்ததால் திருப்பூரில் பின்னல் எந்திரங்கள் பெருகின. 1940-களின் தொடக்கத்தில் முப்பதைச் சற்றே தாண்டியிருந்த பனியன் கம்பெனிகள் 1960-களின் தொடக்கத்தில் இருநூறைத் தாண்டின. 1956-ல் தென்னிந்தியப் பனியன் உற்பத்தியாளர் சங்கம் ஏற்பட்டது. கல்கத்தாவில் தொழிலாளர் போராட்டங்கள் வலுத்து உற்பத்தி தடுமாறிய காலத்தில், அந்தச் சந்தையிலும் திருப்பூர் சரக்கு இடம் பிடித்தது.

அந்தக் காலத்துக் கம்பெனிகளில் பல, பின்னுவதிலிருந்து பெட்டி கட்டுவதுவரை எல்லா வேலையையும் ஒரே கூரையின் கீழ் செய்தவை. உரிமையாளர்களில் வணிகக் குடும்பத்தார் மிகுதி. இந்த நிலை 1960-களிலிருந்து மாறியது. சுற்றுவட்டாரக் கவுண்டர் உழவுக் குடும்பங்களின் பிள்ளைகள் பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்கள். மழை பொய்த்துக் கிணறு வற்றிய ஆண்டுகளில் இந்தப் பெயர்ச்சி கூடியது. எடுபிடியாகச் சேர்ந்து, எந்திரம் ஓட்டக் கற்று, சில ஆண்டுகளில் உறவுக்காரர் இருவர் மூவரோடு கூட்டுச் சேர்ந்து, பழைய எந்திரம் ஒன்று இரண்டை வாங்கிப் போட்டு முதலாளியாவது ஊரில் வழக்கமாயிற்று. நிலத்தை விற்ற பணமும், சீட்டுப் பணமும், மாமன் மச்சான் கைமாற்றும் இதற்கு முதலாயின. நூல் கடனுக்குக் கிடைத்தது. அந்தக் கடனுக்கு ஜாமீன் பெரும்பாலும் ஆளின் பெயரும் குடும்பமும்தான். தொழிலாளியாக இருந்தவரே முதலாளியானதால் வேலையின் நுணுக்கம் முழுதும் அவர் கையில் இருந்தது. பின்னல் எந்திரத்தோடும் தையலோடும் நின்று பழகிய இந்த முதலாளி வர்க்கம்தான் திருப்பூரை மற்ற ஆலை நகரங்களிலிருந்து பிரித்துக் காட்டியது. எல்லோருக்கும் இந்த வழி திறந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நிலமும் உறவுவலையும் இல்லாத தலித் தொழிலாளர்களும் பெண்களும் முதலாளியானது மிக அரிது.

தொழில் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பொதுவுடைமைக் கட்சிகளின் தொழிற்சங்கங்கள் திருப்பூரில் வலுவாக இருந்தன. கூலியும் பஞ்சப்படியும் சங்கங்களுக்கும் முதலாளிகள் சங்கத்துக்கும் இடையே பேசி முடிவாகும். 1984-ல் பஞ்சப்படிக்காக நடந்த வேலைநிறுத்தம் 127 நாள் நீடித்தது. அதன் பிறகு பெரிய கம்பெனியாக ஒரே இடத்தில் ஆளை வைத்து நடத்துவதைவிட, வேலையைக் கான்ட்ராக்டரிடம் பிரித்து விடுவதே மேல் என்று பலர் நினைத்தார்கள். சட்டப்படி பதிவுக்கு வர வேண்டிய ஆள் எண்ணிக்கைக்குக் கீழேயே யூனிட்டுகள் வைக்கப்பட்டன. மாதச் சம்பளம் போய் பீஸ் ரேட் வந்தது.

இப்படி உருவான ஜாப் ஒர்க் முறையைப் புரிந்துகொள்ள ஒரு டீ-சர்ட்டின் பின்னால் போய்ப் பார்க்கலாம். ஏற்றுமதியாளர் நூற்பாலையிலிருந்து கோனில் சுற்றிய நூலை வாங்கி நிட்டிங் யூனிட்டுக்கு அனுப்புகிறார். அங்கே வட்ட எந்திரத்தில் நூற்றுக்கணக்கான ஊசிகள் சுற்றிச் சுழன்று நூலைக் குழாய் வடிவத் துணியாகப் பின்னுகின்றன. நிறமேறாத அந்தத் துணிக்குக் கிரே என்று பெயர். கிரே துணி சாயப்பட்டறைக்குப் போய் வெளுக்கப்பட்டு, நிறமேறி, காய்ந்து, காம்பாக்டிங் எந்திரத்தில் அளவு நிலைப்பட்டு வருகிறது. துவைத்தால் சட்டை சுருங்காமல் இருக்க இந்தக் காம்பாக்டிங்தான் உதவி. துணியின் எடையை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று பார்ப்பார்கள், ஜிஎஸ்எம் என்பது தொழிலாளி வாயிலும் புழங்கும் சொல். பிறகு கட்டிங் மாஸ்டர் துணியை அடுக்கடுக்காக விரித்து மாதிரி வைத்து வெட்டுகிறார். மார்பில் படமோ எழுத்தோ வேண்டுமென்றால் வெட்டிய துண்டு பிரிண்டிங் பட்டறைக்கும் எம்பிராய்டரிக்கும் போய்த் திரும்பும். தோளையும் பக்கத்தையும் ஓவர்லாக் எந்திரத்தில் மூட்டுகிறார்கள். அடியையும் கையையும் மடித்துத் தைப்பது பேட்லாக். லேபிள் வைக்க, காலர் தைக்கச் சிங்கர். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டெய்லர், தனித்தனி ரேட். உள்நாட்டுச் சரக்குக்குத் தையலை மட்டும் எடுத்துச் செய்யும் சிறு பட்டறைகளுக்குப் பவர் டேபிள் என்று பெயர். தைத்து வந்ததில் நூல் பிசிறை வெட்டுவதும், ஓட்டையும் கறையும் பார்த்து ஒதுக்குவதும், அயர்ன் செய்து மடித்துப் பையில் போடுவதும் இன்னொரு கூட்டத்தின் வேலை. பட்டன், எலாஸ்டிக், ஜிப், பாலிதீன் பை, அட்டைப்பெட்டி ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஊரில் தனிக் கடைவீதியே உண்டு. வெட்டி மிஞ்சிய துணித் துண்டும் வீணாவதில்லை. நிறம் பிரித்து, எந்திரம் துடைக்கும் துணியாகவும், மீண்டும் பஞ்சாக்கி மட்டநூல் நூற்கும் ஓபன் எண்ட் ஆலைகளுக்கான மூலப்பொருளாகவும் விற்கிறார்கள்.

ஒரு சட்டை இப்படி ஊருக்குள்ளேயே பத்து இடம் பயணம் போகிறது. மொபெட்டிலும் குட்டியானை வண்டியிலும் துணிக்கட்டுகள் நாள் முழுதும் தெருத்தெருவாக ஓடுவது திருப்பூரின் தனி அடையாளம். ஒரு யூனிட்டில் எந்திரம் பழுதானால் அடுத்த தெருவில் வேறொன்று இருக்கும். திடீரென்று பெரிய ஆர்டர் வந்தால் நாலு பேரிடம் பிரித்துக் கொடுத்து முடித்துவிடலாம். சிறு முதல் வைத்திருப்பவரும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாக நுழைய முடிந்தது. ஊரின் வேகமான வளர்ச்சிக்குக் காரணம் இதுதான். ஆனால் முழுச் சட்டைக்கும் பொறுப்பானவர் என்று ஒருவரைக் கைகாட்ட முடியாத நிலையும் இதிலிருந்தே வந்தது. விலையைக் குறைக்கச் சொல்லி வெளிநாட்டு வாங்குநர் அழுத்தினால் அந்த அழுத்தம் கண்ணி கண்ணியாக இறங்கிக் கடைசியில் பிசிறு வெட்டும் பெண்ணின் கூலியிலும் ஆற்றுத் தண்ணீரிலும் போய் நின்றது.

ஏற்றுமதியின் தொடக்கம் 1978 என்று ஊரில் சொல்வார்கள். அந்த ஆண்டு வெரோனா என்ற இத்தாலிய வணிகர், மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக வெள்ளை டீ-சர்ட்டுக்காகத் திருப்பூருக்கு வந்து சேர்ந்தார். அதுவரை மும்பைக்காரர்கள் பெயரில் கொஞ்சம் சரக்கு போய்க்கொண்டிருந்தாலும், தைத்த ஊர் எது என்று வெளியுலகம் அறியாது. இத்தாலியரைத் தொடர்ந்து 1980-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவின் பெரிய கடைக் குழுமங்கள் வந்தன. கோடை முடிந்தால் தூக்கிப் போட்டுவிடும் மலிவான பருத்திச் சட்டைக்கு அங்கே பெரும் தேவை இருந்தது. பனியன் பின்னிப் பழகிய கைகளுக்கு அந்தச் சட்டை பெரிய தாவல் அல்ல. 1985-ல் 15 கோடி ரூபாய் அளவில் இருந்த நேரடி ஏற்றுமதி 1990-ல் 300 கோடியை நெருங்கியது. அந்த 1990-ல்தான் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் தொடங்கியது. 1991-க்குப் பிறகு ரூபாய் மதிப்புக் குறைப்பும் எந்திர இறக்குமதிக்கான தளர்வும் சேர்ந்துகொள்ள, ஜெர்மனி, இத்தாலி, தைவான், ஜப்பான் நாட்டு எந்திரங்கள் வந்து இறங்கின. டாலர் சிட்டி என்ற பட்டப்பெயர் அந்தப் பத்தாண்டில் ஒட்டிக்கொண்டது.

1974 முதல் வளர்ந்த நாடுகள் ஜவுளி இறக்குமதிக்குக் கோட்டா வைத்திருந்தன. எந்த நாட்டிலிருந்து எத்தனை சட்டை வாங்கலாம் என்று அளவு கட்டிய ஏற்பாடு அது. கோட்டா கையில் இருந்தவருக்கு அதுவே ஒரு சொத்து. 2005 ஜனவரி 1 முதல் கோட்டா ஒழிந்தது. சீனத்தோடும் வங்கதேசத்தோடும் நேருக்கு நேர் போட்டியிட வேண்டிய நிலையில், நிட்டிங் முதல் பேக்கிங் வரை ஒரே வளாகத்தில் கட்டிய பெரிய தொழிற்சாலைகளும் ஆயத்த ஆடைப் பூங்காவும் எழுந்தன. ஜாப் ஒர்க் அதனால் மறைந்துவிடவில்லை. பெரியவர்களே நெருக்கடி மாதங்களில் சின்னவர்களிடம் வேலை கொடுத்தார்கள். 2021-22-ல் ஏற்றுமதி 33,000 கோடி ரூபாயைத் தாண்டியது. இடையில் சற்றே சரிந்து, 2024-25-ல் 40,000 கோடியை ஒட்டி நின்றது.

இந்தக் கணக்கில் சேராதது நொய்யல். பனியன் வெள்ளையாக இருந்தவரை துணிக்கு வேண்டியது வெளுப்பு மட்டும்தான். ஐரோப்பியச் சந்தை நிறம் கேட்டது. சலவைப்பட்டறைகள் சாயப்பட்டறைகளாயின. 1980-களின் தொடக்கத்தில் நூற்றுக்கும் குறைவாக இருந்த பட்டறைகள் 1990-களின் இறுதியில் 800-ஐத் தாண்டின. பருத்தி இழையில் சாயம் ஏற உப்பு வேண்டும். தண்ணீரில் கரைந்து நிற்கும் சாயத்தை இழையை நோக்கித் தள்ளுவது உப்புதான். நிறம் அழுத்தமாக அழுத்தமாக உப்பும் கூடும். சாயத்தில் ஒரு பகுதி இழையில் ஏறிவிடும், உப்பு அப்படியே தண்ணீரோடு வெளியே வந்துவிடும். பழைய முறையில் ஒரு கிலோ துணிக்கு நூறு லிட்டர் அளவில் தண்ணீர் செலவானது. அந்தத் தண்ணீர் முழுதும் உப்போடும் மிச்சச் சாயத்தோடும் வாய்க்கால் வழியாக ஆற்றில் இறங்கியது. ஊருக்குள் கிணறுகளும் ஆழ்துளைகளும் உப்பேறிப் போயின. பிறகு சாயம் போடவே நல்ல தண்ணீர் இல்லாமல் போயிற்று. பல்லடம், அவிநாசிப் பக்கத்துத் தோட்டக் கிணறுகளிலிருந்து டேங்கர் லாரிகள் இரவு பகலாகத் தண்ணீர் கொண்டுவந்தன. பயிர் வைப்பதைவிடத் தண்ணீர் விற்பது லாபம் என்று கண்ட தோட்டக்காரர்களும் இருந்தார்கள். 2000-களின் நடுவில் பவானி அருகே காவிரியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டத்தை அரசும் தனியாரும் சேர்ந்து நிறைவேற்றின. பட்டறைகளுக்கு நீர் கிடைத்தது. கழிவுக்கு வழி அப்போதும் பிறக்கவில்லை.

ஆற்றின் கீழ்ப்பகுதியில் சென்னிமலை அருகே ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் கட்டி முடிக்கப்பட்டது. ஈரோடு, கரூர் வட்டாரங்களின் வறண்ட காடுகளுக்குப் பாசனம் தருவதற்காகக் கட்டிய அணை. மழைநீரை எதிர்பார்த்து எழுப்பிய சுவரின் பின்னால் சாயக்கழிவு வந்து தேங்கியது. அணைநீர் பாய்ந்த வயலில் மண் கெட்டது, கிணறுகள் கெட்டன, தென்னை கருகியது. தண்ணீர் வேண்டும் என்று அணை கேட்ட அதே விவசாயிகள், அணையைத் திறக்காதீர்கள் என்று மனு கொடுக்கும் நிலைக்கு வந்தார்கள். நொய்யலின் வரலாற்றில் இதைவிடக் கொடுமையான கட்டம் வேறில்லை. 1990-களின் நடுவில் விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டன. ஆனால் அவை நிறத்தையும் கசடையும் நீக்கினவேயன்றி உப்பை நீக்கவில்லை. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் தொடர்ந்த வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் கடுமையான கெடுவும், வெளியேற்றும் நீருக்கு லிட்டர் கணக்கில் கட்டணமும் விதித்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அப்போதும் நிலை திருந்தாததால் 2011 ஜனவரி இறுதியில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஊர் பல மாதம் திணறியது. துணிக்குச் சாயமேற்ற வெளியூர்களுக்கு லாரி போனது. சிறு கம்பெனிகள் பல மூடப்பட்டன, வேலையாட்கள் சொந்த ஊர் திரும்பினார்கள். தமிழ்நாடு அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் தந்தது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகாத முறை கட்டாயமாக்கப்பட்டது. கழிவுநீரை நுண்ணுயிர்களால் பக்குவப்படுத்தி, சவ்வுகளில் அழுத்தி நல்ல நீரைப் பிரிக்கிறார்கள். மிஞ்சும் உவர்நீரைக் காய்ச்சி உப்பை எடுத்து மீண்டும் சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். இவ்வளவு பெரிய அளவில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்த முன்னோடி ஊர் என்ற பெருமை இன்று திருப்பூருக்கு உண்டு. நீதிமன்றம் போன உழவர்களின் விடாப்பிடியில்லாமல் அந்தப் பெருமை வந்திருக்காது. காய்ச்சுவதற்கு ஆகும் எரிபொருள் செலவு கிலோவுக்கு இவ்வளவு என்று சாயக்கூலியில் ஏறிவிடுகிறது. பிரிக்க முடியாத கலப்பு உப்பு நிலையங்களில் மூட்டை மூட்டையாகச் சேர்ந்து கிடக்கிறது. கீழ்ப்பகுதியின் நிலத்தடி நீரும் மண்ணும் முழுதாக மீளவில்லை.

நகரத்தின் மக்கள்தொகை தொழிலோடு சேர்ந்தே ஏறியது. திண்டுக்கல், தேனி, மதுரை, நெல்லை, தஞ்சைப் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஒரே அறையில் குடியிருந்து, கணவன் டெய்லராகவும் மனைவி செக்கிங்கிலும் வேலை செய்தார்கள். 1980-களிலும் 90-களிலும் பள்ளி போக வேண்டிய பிள்ளைகள் கைமடி வேலையில், அதாவது டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துண்டுகளை எடுத்துக் கொடுக்கும் வேலையில், சேர்க்கப்பட்டனர். வெளிநாட்டு வாங்குநர்களின் நிபந்தனையாலும் உள்ளூர்ப் போராட்டங்களாலும் அது பெரிதும் குறைந்தது. நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை மூன்றாண்டு விடுதியில் அடைத்து வைத்து, முடிவில் திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாக வேலை வாங்கிய வழக்கமும் இந்தத் தொழிலின் பின்புறத்தில் நடந்ததுதான். மங்கலமான அந்தப் பெயர் அதன் கொடுமையை நீண்ட காலம் மறைத்தது. 2000-களுக்குப் பிறகு பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம், உத்தரப் பிரதேசத்துத் தொழிலாளர்கள் பெருந்திரளாக வந்தார்கள். காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டு வரை போகும் ஒன்றரை ஷிப்ட் இங்கே சாதாரண நாள். சனிக்கிழமை இரவு சம்பளம், ஞாயிற்றுக்கிழமை சந்தை. 2016 நவம்பரில் பெரிய நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது அந்தச் சனிக்கிழமைச் சம்பளம்தான் முதலில் தடைப்பட்டது. 2020-ல் ஊரடங்கின்போது வடமாநிலத் தொழிலாளர்கள் ஊர் திரும்ப வழி தேடித் தவித்தார்கள். அடுத்த சில மாதங்களிலேயே அவர்களை அழைத்துவரக் கம்பெனிகள் பேருந்து அனுப்பின.

உள்நாட்டுச் சந்தைக்குத் தனி உலகம் இருக்கிறது. ரயில் நிலையத்தை ஒட்டிய காதர்பேட்டையில், ஏற்றுமதியில் மிஞ்சியதும் தள்ளுபடியானதும் உள்ளூருக்கென்றே தைத்ததுமான சட்டைகள் மொத்த விலைக்குக் கிடைக்கும். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் இந்தியாவின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வியாபாரிகள் வந்து மூட்டை கட்டுவார்கள். வெளிநாட்டு ஆர்டர் படுத்த ஆண்டுகளில் ஊரைத் தாங்கிப் பிடித்தது பல தடவை இந்த உள்நாட்டு வியாபாரமே. பனியனுக்கு வெளியேயும் பழைய தொழில்கள் உண்டு. அனுப்பர்பாளையத்தில் பித்தளை, செம்பு, எவர்சில்வர் பாத்திரம் அடிக்கிறார்கள். திருமுருகன்பூண்டியில் கற்சிற்பிகளின் உளிச்சத்தம் கேட்கும். பல்லடத்தில் விசைத்தறியும் கறிக்கோழிப் பண்ணையும், ஊத்துக்குளியில் வெண்ணெயும், காங்கயத்தில் காளைகளும் அரிசி ஆலைகளும் பெயர்பெற்றவை. 2008-ல் திருப்பூர் மாநகராட்சியானது. 2009-ல் கோவை, ஈரோடு மாவட்டங்களிலிருந்து வட்டங்களைப் பிரித்துத் திருப்பூர் தனி மாவட்டமாயிற்று. 2011 கணக்கெடுப்பில் நகர்த்தொகுதியின் மக்கள்தொகை 9.6 லட்சம்.

ஊரைத் தோற்றுவித்த பருத்தி இன்று சுற்றுவட்டாரத்தில் அரிது. கொங்கு ஆலைகளுக்குக் குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானா மாநிலங்களிலிருந்து பஞ்சு வருகிறது. அதன் விலை ஏறும் ஒவ்வொரு முறையும் நூல் விலை ஏறி, ஒப்புக்கொண்ட ஆர்டர் நட்டத்தில் முடிகிறது. 2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கான வரியை 50 சதவீதமாக்கியபோது, திருப்பூர் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை வாங்கும் சந்தை ஒரே நாளில் ஆட்டம் கண்டது. உலகச் சந்தையில் பருத்தி உடையைவிடச் செயற்கை இழை உடையின் பங்கே பெரியது. விளையாட்டு உடை பெரும்பாலும் அந்தப் பக்கம் போய்விட்டது. அதனால் பாலியெஸ்டர் பின்னவும் தைக்கவும் திருப்பூர் கற்றுக்கொண்டு வருகிறது. அந்த இழைக்கு 130 பாகை வெப்பத்தில் அழுத்தக் கலனுக்குள் வைத்துச் சாயமேற்ற வேண்டும். அதற்கு உப்பு தேவையில்லை.